பூட்டியிருக்கிற கடைசி ரூம்

அதைத் தொடாதீங்க மேடம். துருப்புடிச்ச பூட்டு, கையைக் கிழிச்சிடும். உள்ள ஒண்ணுமில்ல. தொடப்பம், பினாயில், உடைஞ்ச வாளி. பொம்பளைங்க பக்கத்துல மத்த ரூமெல்லாம் தெறந்துதானே கெடக்கு, அதை அளந்துக்குங்க.

யாரு சொன்னா? உள்ள வெஸ்டர்ன் கக்கூஸ், அந்த உக்கார்ற கோப்பை இருக்குன்னு யாரு சொன்னா? வாசல்ல மேசை போட்டு காசு வாங்குறானே, அவன்தானே? நெனச்சேன். இந்த மார்க்கெட் கக்கூசைக் கழுவ நான் வந்த நாள்லேருந்து அவனுக்கு என் மேலதான் கண்ணு. ஒரு தடவை என் செருப்பைக் காணோம். கேட்டா, பச்சப்புள்ள மாதிரி முழிக்கிறான். அந்த முழி இன்னும் என் கண்ணுலயே நிக்குது. நான் மறக்கிற ஆளு இல்ல.

சரி, நீங்க என்னமோ புதுசாக் கட்டப் போறதாச் சொன்னீங்களே, சொல்லுங்க. வெயில்ல சார்ஜ் ஏறுற விளக்கு... சரி. மேல காத்து போக ஜன்னல்... அது வேணும், நாத்தம் கொடலைப் புடுங்குது. கை கழுவுன தண்ணியைத் தொட்டியில புடிச்சு, வடிகட்டி, மறுபடி கக்கூசுக்கே விடுறதா? ம்... மோசமில்ல. மத்தியானமானா இங்க குழாயில காத்துதான் வருது.

ஆனா ஒண்ணு. உங்களுக்கு முன்னாடி ஒரு சார் வந்தாரு. இதே மாதிரிதான் சிரிச்சுப் பேசினாரு. கையை நீட்டினா தானா தண்ணி கொட்டுற குழாய் வெச்சாரு. ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க. சனங்களுக்கு என்ன தெரியும், திருகித் திருகிப் பாத்தே புடுங்கிட்டாங்க. திட்டு வாங்கினது யாரு? அவரா? அதனாலதான் கேக்குறேன், அந்தத் தொட்டி எங்க வரும்?

இங்கயா? இந்த ரூமை இடிச்சுட்டா?

அதானே பாத்தேன். சுத்திச் சுத்தி இந்தக் கதவுகிட்டயே வந்து நிக்கிறீங்களேன்னு. ஆம்பளைங்க பக்கம் அவ்ளோ எடம் சும்மா கெடக்கு, அங்க வைங்களேன். குழாய் நீளமாப் போனா என்ன, உங்க வீட்டு வாசல் வழியாவா போகுது?

எனக்கென்ன அக்கறையா? உள்ள சாமான் பதுக்கி வெச்சிருக்கேன்னு சொல்லியிருப்பானே! அவன் நாக்கு அழுகிப் போக.

இருங்க, மணி என்ன? அய்யய்யோ. பேச வெச்சே நேரத்தை ஓட்டிட்டீங்க. நகருங்க, நான் தொறக்கணும்.

பாத்துக்குங்க. ஆமா, உக்கார்ற கோப்பைதான். எங்கயோ கட்டடம் இடிக்கிறப்போ கெடச்சது, தூக்கிட்டு வந்து நானே பதிச்சேன். அந்தக் கம்பியா? புடிச்சு எந்திரிக்க. பளிச்சுன்னு இருக்குல்ல? எல்லாருக்கும் தொறந்து விட்டா கொஞ்ச நேரத்துல இதுவும் மத்ததுங்க மாதிரி ஆயிடும். அதான் பூட்டு.

யாருக்கா? எதிர்ல கீரை விக்குறாளே ஒரு கெழவி, அவளுக்கு. தெனம் இந்நேரத்துக்குத்தான் வருவா. முழங்கால் மடங்காது. குந்தி உக்கார முடியலன்னு நாளெல்லாம் ஒரு வாய் தண்ணி குடிக்காம கெடந்திருக்கா. நட்ட நடு மார்க்கெட்ல மயங்கி விழுந்தா. இப்படியே போனா கிட்னி போயிடும்னு டாக்டர் சொன்னாராம். பக்கத்துக் கடைக்காரம்மா வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும்.

புதுசுல இதே மாதிரி ரெண்டு வெப்பீங்களா? பேப்பர்ல எல்லாரும்தான் வெக்கிறாங்க. முதல்ல ஒண்ணு கட்டுங்க, தண்ணி ஓடுறதை நான் கண்ணால பாக்குறேன். அப்புறம் இதை இடிக்கலாம். அதுவரைக்கும் சுத்தியலோட எவனும் இந்தப் பக்கம் வரக் கூடாது, சொல்லிட்டேன்.

அந்தா, கெழவி கெளம்பிட்டா. நான் அந்த லாரிக்குப் பின்னாடி போறேன். நீங்க நின்னா பரவால்ல, நான்தான் நிக்கக் கூடாது. இதை ஆபீஸ்ல வெச்சதுன்னு நெனச்சிட்டிருக்கா. என் வேலைன்னு தெரிஞ்சா அடக்கிக்கிட்டே உக்காந்துடுவா, உள்ள வர மாட்டா. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சே கெடையாது. அவ புருஷன் சாவுக்கு நான் போகல. ஏன் போகணும்? முதல்ல என் பொண்ணு கல்யாணத்துக்கு வராம இருந்தது அவதானே. அதை நான் மறக்க மாட்டேன். அவளும் லேசுல மறக்க மாட்டா. ஒரே வயித்துல பொறந்துட்டு, வேற எப்படி இருப்பா?