முகம் வரையாத சுவர்

தலைமைக் கதிரையை அணிசெய்யும் விக்னராஜா அண்ணர் அவர்களே! மண்ணும் மரமும் மலையும் அறிந்த மூத்த குடியிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மார்லீன் அன்ரி அவர்களே! லிட்கம் வீதியெங்கும் கார் நிறுத்த இடம் தேடி அலைந்தும் சலிக்காமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! மண்டபச் செயலாளர் சிவாஜினியின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

இன்று திறக்கும் சுவரோவியத்தைப் பற்றிப் பெருமை பேச வந்தேன். பேசத்தான் போகிறேன்! முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த நாட்டில் வன்முறையில் கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களுக்காக நம் தமிழ் மண்டபச் சுவரில் வரையத் தொடங்கினார் அன்ரி. அவருடைய தங்கையும் அப்படிக் கொல்லப்பட்டவர். இறந்தவருக்கு நாம் செய்யும் மரியாதை என்ன? படம், பூமாலை, விளக்கு! வேலை பாதியில் இருந்தபோது, பழைய பத்திரிகையில் தங்கையின் படத்தைத் தேடி எடுத்தேன், பெரிதாக்கினேன், மாலை போட்டு, விளக்கேற்றி வாசலில் வைத்தேன். பார்த்தார் அன்ரி. முகத்தைத் திருப்பினார். தூரிகையை வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர்கள் குடும்பத்தில் இறந்தவரின் முகத்தைக் காட்டமாட்டார்கள், பெயரைச் சொல்லமாட்டார்கள். கேட்டேனா நான்? கேட்கவில்லையே!

மூன்று வாரம் பாதிச் சுவர் அப்படியே நின்றது. பிறகு சந்திரவதனா அக்காவோடு அன்ரி வீட்டுக்குப் போனேன். ஊரில் காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தோடு வருடக்கணக்காக அங்கே வீதியில் நின்றவர் அக்கா. அவர் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"அன்ரி, படத்தைத் தூக்கிப் பிடிச்சாத்தான் எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்தவன் எண்டதையே ஆக்கள் நம்புவினம். உங்களுக்கு நோகும் எண்டு தெரியேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அன்ரி சொன்னார்: "உங்கள் மகனைப் பார்க்கச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது. என் தங்கையின் படத்தைப் பத்திரிகைக்காரர்கள் என்னைக் கேட்காமலே போட்டார்கள். கொன்றவனைத் தேடத்தான் ஒருவருக்கும் நேரமில்லை. பூமாலை இருக்கட்டும். முகம் வேண்டாம்."

மறுநாள் காலையில் தூரிகையை எடுத்தார்!

என்ன அங்கே பின்வரிசையில்? "எங்கட சுவரில ஏன் மற்றவையின்ர பிரச்சினை?" என்கிறாரா வரதராஜா அங்கிள்? செங்கல் நமது, சீமெந்து நமது, சுவரும் நமது. அது நிற்கும் மண் யாருடையது அங்கிள்? அடைக்கலம் தேடி வந்தோமே, யாருடைய மண்ணில் கால் வைத்தோம்? அந்த மண்ணின் மகளைக் கொன்றால் அது மற்றவர் பிரச்சினையா? சிரிக்காதீர்கள், அன்ரிக்கு ஏணி பிடித்தவரே இந்த அங்கிள்தான்!

எத்தனை விழாக்களில் நம் பெருமையை நாமே பேசி, நாமே கைதட்டினோம்! இன்றுதான் நம் மண்டபம் இன்னொருவரின் துக்கத்தைத் தாங்கி வீதியைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. அதனால்தான் நானும் நெஞ்சை நிமிர்த்துகிறேன்!

சுவரில் முகமில்லாத பெண்கள் நிற்கிறார்கள். நடுவே அன்ரி ஓர் ஆணி அடித்திருக்கிறார். அக்கா கட்டிய மாலையை அன்ரியே அதில் மாட்டுவார். வெள்ளிதோறும் புதுமாலை கட்டுவது நம் பொறுப்பு. யாருக்கு என்று வீதியில் போகிறவர்கள் கேட்பார்கள். பெயர் சொல்லாதீர்கள். "இன்னும் நீதி கிடைக்காத ஒருத்திக்கு" என்று சொல்லுங்கள். நீதி கிடைக்கும் நாளில் அன்ரியே அந்த ஆணியைப் பிடுங்கட்டும். அதுவரை ஒரு வெள்ளியும் அது வெறுமையாக இருக்கக்கூடாது!

என் பிழையையும் பெருமையையும் பொறுமையாகக் கேட்டீர்கள், நன்றி. எழுந்து வாருங்கள், சுவரடிக்குப் போவோம். வணக்கம்!