பதில் வராமலும் போகலாம் என்ற வரி

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் அம்மா அவர்களே, முன்வரிசையில் முகம் காட்டும் மூத்தோரே, வீட்டு வேலையைப் பாதியில் விட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கணினிக்கு நிரல் எழுத உதவும் நம் நிரல்மொழியின் விளக்கக் கையேட்டை எழுதியும் திருத்தியும் வளர்க்கும் தோழர்களே, மனைவியை இழந்த மாதத்திலேயே அவர் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் ஐயா அவர்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மேடை எனக்குப் பழக்கமில்லை. ஆகவே பேசப்போவதை எண்ணிட்டு எழுதிப் பத்து நாள் முன்பே அனுப்பினேன். உங்கள் கையிலுள்ள தாளில் அச்சாகியிருக்கிறது:

1. சிறு திருத்தம் என்றால் என்ன.
2. அதைச் சரிபார்த்த அம்மையார்.
3. ‘காத்திருத்தல்’ பக்கத்தில் ஒரு வரி தேவையில்லை என்பது.

முதலாவது. தராசுகளைச் சோதிக்கும் அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன் நான். ஓய்வுக்குப் பின் நிரல் எழுதக் கற்றேன். கற்றது கொஞ்சம், கையேட்டில் கண்ட குறையோ கணக்கில்லை. விடை ஐந்து என்கிறது விளக்கம். எடுத்துக்காட்டைக் கணினியில் ஓட்டினால் ஆறு வருகிறது. பெரிய பிழையா? இல்லை. ஆனால் அதை நம்பி ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொள்பவருக்கு அது சிறிய பிழையா?

பின்வரிசையில் என்ன? “சத்தமா பேசுங்க பெரியவரே!” சரி, சரி. வீட்டிலும் இதே புகார்தான்.

இரண்டாவது. எவர் அனுப்பிய திருத்தமும், ஒருவர் ஓட்டிப் பார்த்த பிறகே கையேட்டில் சேரும். அந்த ஒருவர், நாம் இன்று நினைவுகூரும் ஐயாவின் மனைவியான அம்மையார். ஒரு தடவைக்கு ஒரு திருத்தம் என்பது விதி. விதிப்படி ஒவ்வொன்றாக நூற்றுப் பதினேழு அனுப்பினேன். அவரை நேரில் பார்த்ததில்லை. இன்று படியேறும்போது ஐயா என் கையைப் பிடித்தார்.

“ஓ, ஒண்ணொண்ணா அனுப்புற மகராசன் நீங்கதானா?”

“ஆமாங்க. தொந்தரவு பண்ணிட்டேனோ?”

“பண்ணாம? ‘இந்த மனுஷன் மொத்தமா மூட்டை கட்டி அனுப்ப மாட்டாரா’ன்னு திட்டுவா. திட்டிக்கிட்டே உக்காந்து பாப்பா. ஆஸ்பத்திரிக்கும் கணினியைத் தூக்கிட்டுத்தான் போனா.”

யார் கேட்டார் அந்த உழைப்பை? யார் கண்டார் அந்தக் களைப்பை? யார் சொன்னார் ஒரு நன்றி? நான் சொன்னேனா? சொல்லவில்லை.

மூன்றாவது. ஒரு நிரல் வேறொரு கணினியிடம் கேள்வி அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைப் பற்றிய பக்கம் அது. ‘பதில் வராமலும் போகலாம்’ என்று அம்மையார் அங்கே எழுதியிருந்தார். அதை நீக்கச் சொன்னேன். குறித்த நேரம் கடந்தால் ‘பிழை’ என்றாவது பதில் வந்தே தீரும் என்று வாதாடினேன். “ஓட்டிப் பாத்தீங்களா? நடுவுல இணையக் கம்பியைப் பிடுங்கிட்டுப் பாருங்களேன்” என்று எழுதினார். சுருக்கென்றது. தராசு சோதித்தவனுக்கே சோதனையா? ஓட்டிப் பார்க்காமலே ‘தேவையில்லை’ என்று மறுபடி எழுதினேன். பதில் இல்லை. பதினோராம் நாள் எழுதினேன்: ‘வேலையில் அக்கறை வேண்டாமா?’

அதற்கு இரண்டு நாள் முன்பே அவர் இறந்திருந்தார்.

ஐயா, என் அந்த மடலைத் திறந்து படித்தது நீங்கள் என்று இன்றுதான் தெரிந்தது. “விடுங்க, அவ இருந்தா சிரிச்சிருப்பா” என்றீர்கள். என்னால் விட முடியவில்லை.

அவர் மறைந்த செய்தி வந்த பிறகும், சரியான திருத்தம் கிடப்பில் கிடக்கிறதே என்றுதான் இந்த மூன்றாவதைத் தாளில் சேர்த்தேன். அந்தப் பிடிவாதத்தையும் மறைக்க மாட்டேன்.

இன்று காலை, மேடையில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில், அந்தப் பக்கத்திலுள்ள நிரலை ஓட்டினேன். நடுவில் கம்பியைப் பிடுங்கினேன். தேநீர் ஆறியது. குளித்துவிட்டு வந்தேன். சட்டை மாற்றினேன். நிரல் நின்ற இடத்திலேயே நின்றது. ‘பிழை’ என்றுகூடச் சொல்லவில்லை. வராத பதிலுக்காகக் காத்தே கிடந்தது. அதன் எதிரே நானும் உட்கார்ந்திருந்தேன்.

ஆகவே அவையோரே, தாளில் மூன்றாவதை அடித்துவிடுங்கள். நான் சொன்னது தவறு. அவர் எழுதிய வரி அங்கேயே இருக்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி. நூற்றுப் பதினேழு முறை சொல்லாமல் விட்ட நன்றியை அம்மையாருக்கு இப்போது சொல்கிறேன். பதில் வராது, தெரியும். வணக்கம்.