குழாய் வாயில் ஒரு சுவர்

உங்கள் ஸ்டேஷன் தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். பரவாயில்லை, குடித்துவிட்டேன். பேசும்போது என் கைகளையே பார்க்கிறீர்கள். சந்தேகப்படுவது உங்கள் வேலை, அதில் எனக்கு வருத்தமில்லை. கீழ்த்தெருத் தையல்காரருக்கு அது வேலையில்லை. ஆனாலும் என்னைச் சந்தேகப்பட்டார்.

நகராட்சியில் மழைநீர் வடிகால் போடும் பொறியாளர் நான். வேலையைத் தொடங்குமுன் தெருக்காரர்களைக் கூட்டி, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று கேட்போம். கீழ்த்தெருக் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். தையல்காரர் மட்டும் எழுந்தார்.

"சார், உங்க வீடு மேட்டுத்தெருவுலதானே இருக்கு? அந்தத் தண்ணியையும் எங்க தலையில கட்டத்தானே இந்தக் குழாய்?"

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

வேலை நடந்த நாளெல்லாம் அவர் குழியோரத்தில் நின்றார். கழுத்தில் தொங்கிய நாடாவை எடுத்துக் குழாயை அளந்தார், சிமெண்டைக் கிள்ளிப் பார்த்தார். பிறர்மேல் இத்தனை கண் வைக்கிறவர் எதையாவது மறைப்பார் என்று நானும் விசாரித்தேன். வீட்டில் நடக்க முடியாத தங்கை ஒருத்தி இருந்தாள். வேறொன்றுமில்லை.

குழாய் கால்வாயில் சேரும் வாயைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுத்தான் வேலை செய்வோம். இல்லையென்றால் கால்வாய்த் தண்ணீர் உள்ளே ஏறிவிடும். கடைசியில் அந்தச் சுவரை இடிக்க வேண்டும், அதற்குப் பொறியாளர் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. ஐயா மறந்துவிட்டார் என்று மேஸ்திரி உங்களிடம் சொல்லியிருப்பார். நல்ல மனிதர். எனக்கு மறதி கிடையாது. ஒரே ஒரு மழைக்கு அது இருக்கட்டும் என்று விட்டேன். தையல்காரர் என் வாசலுக்கு வந்து, உங்களை நம்புகிறேன் என்று சொல்ல வேண்டும். அதற்குமேல் நான் ஆசைப்படவில்லை.

மழை காலையில் பிடித்துக்கொண்டது. மேட்டுத்தெருத் தண்ணீரும் குழாயில் இறங்கி, போக வழியில்லாமல் கீழ்த்தெருவில் பொங்கியது. தையல்காரர் போன் செய்து, தங்கையைப் பக்கத்து மாடிக்குத் தூக்கிப் போகட்டுமா என்று கேட்டார். வேண்டாம், கட்டில் உயரத்துக்கு ஏறாது என்றேன். முதல்முறையாக என் பேச்சைக் கேட்டார். மறுபடி கூப்பிட்டபோது குரல் ஒரு மாதிரியாக இருந்தது. போனில் சரியாகக் கேட்கவில்லை, நேரில் வாருங்கள் என்றேன்.

சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"தங்கச்சி கட்டில்ல தனியா இருக்கா சார். உங்களை நம்பித்தான் வந்திருக்கேன்."

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. உட்காரவைத்துத் தேநீர் போட்டுக் கொடுத்தேன், சர்க்கரை அளவாக. வேண்டாம் வேண்டாம் என்றார். வீடு தேடி வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்புவது எனக்குப் பழக்கமில்லை. சூடு ஆறாததால் மெதுவாகத்தான் குடித்தார். பிறகு இருவரும் கால்வாய்க்குப் போனோம். கடப்பாரை காலையிலிருந்தே என் காரில் இருந்தது.

சில குத்துகளிலேயே சுவர் விழுந்தது. தெருத் தண்ணீர் மொத்தமும் கண்ணெதிரே வடிந்தது. தையல்காரர் வீட்டுக்குள் ஓடினார். நான் வாசலிலேயே நின்றேன். கட்டில் காலியாக இருந்தது. தங்கை அதன் காலைப் பிடித்தபடி தரையில் கிடந்தாள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், அதே பழைய பார்வை. கொஞ்சம் முன்னால்தான் நம்புகிறேன் என்றவர். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெருவே கூடி நின்றது, நீங்களும் வந்தீர்கள், எல்லோரும் அந்தச் சுவரைப் பற்றியே கேட்கிறீர்கள். அந்த வடிகால் எவ்வளவு அருமையாக வேலை செய்தது என்று இதுவரை ஒருவர்கூடச் சொல்லவில்லை.