முதலில் கேட்கிற கழகம்

கரப்பந்துக்குக் காற்றை நிறைய அடித்துவிடக் கூடாது, மாஸ்டர். எங்கள் வெயிலுக்குக் காலை பத்து மணிக்கே பந்து கல்லாகிவிடும். ஏந்துகிறவனின் மணிக்கட்டு மறுநாளும் சிவந்தே இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் சற்றே உள்ளே போக வேண்டும், அதுதான் அளவு. நான் விசுவமடுச் சந்தியில் சைக்கிள் கடை போட்ட காலம் முதல் கழகத்தின் பந்து என்னிடம்தான் இருந்தது, பம்ப் என்னிடம் இருந்தபடியால். பந்து இருக்கிற இடத்தில் கழகத்துக்காரர் கூடுவார்கள், கூடினால் கதைப்பார்கள். இதெல்லாம் உங்களுக்கும் தெரிந்ததுதான். பிரசைகள் குழுத் தலைவர் என்ற முறையில் நீங்கள் கேட்டது வேறு. ஆனாலும் இங்கிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும்.

நான் ஒரு நாளும் விளையாடியவன் அல்ல. எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயம் எரிந்தபோது தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடிவந்தவர்களில் நானும் ஒருவன். அப்போது முழங்காலில் பட்ட அடி இன்றைக்கும் நொண்ட வைக்கிறது. கூட வந்த என் மனைவி தங்கம்மா வன்னிக் காய்ச்சலில் ஒரு மாரி தாங்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கென்று இருந்தது கடையும் இந்தக் கழகமும்தான். கழகம் என்றால் எங்கள் குடியேற்றத்துப் பொடியள், தோட்டத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். பங்குனிப் போட்டியில் வருடா வருடம் தோற்றோம். தோற்பது கூடப் பரவாயில்லை. பரந்தன் பக்கத்துக் கழகத்துக்காரர் வலைக்கு அந்தப் பக்கம் நின்று, தேயிலை கொய்கிற மாதிரி விரலை ஆட்டிக் காட்டிச் சிரிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குச் சோறு இறங்காது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர்களை வென்று பார்த்துவிட்டால் போதும் என்று கிடந்தேன்.

எங்கள் சுற்றுவட்டத்தில் ஒரு முறை இருக்கிறது. தைப்பொங்கல் கழிந்த ஞாயிறு, எந்தக் கழகத்திலும் சேராத இளந்தாரிகள் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நிற்பார்கள். போன வருடம் கடைசியாக வந்த கழகம் முதலில் ஒருவனைக் கேட்கும். பிறகு அதற்கு ஒரு படி மேலே வந்தது கேட்கும். கேட்கப்பட்டவன் மறுப்பதில்லை, மற்றவர்கள் முகம் சுளிப்பதில்லை. தோல்வி எங்களுக்குத் தந்த ஒரே சொத்து அந்த முதற்கேள்விதான். அதற்கு அடுத்த கேள்வி பரந்தன்காரருக்கு.

இந்த வருடம் நின்றவர்களில் இரண்டு பேர்தான் பேச்சு. ஒருவன் பக்கீர். சைக்கிளில் புடவைப் பொட்டளி கட்டி விற்கிற கச்சு முகம்மதுவின் மகன். நெடுவல், இடக்கைக்காரன். அவன் எழும்பி அடித்தால் மைதானத்தில் புழுதி கிளம்பும். மற்றவன் அப்புத்துரை. பேச்சியம்மாவின் ஒரே மகன், எங்கள் குடியேற்றத்துப் பிள்ளை. அவன் அடிக்கமாட்டான், அடிப்பவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பான். ஆள் கட்டை, கை மெத்தென்றிருக்கும்.

நான் பக்கீரின் பக்கம். கழகச் செயலாளர் மயில்வாகனம் அப்புத்துரையின் பக்கம். மார்கழி முழுவதும் என் கடை வாங்கில் இருந்து எல்லோரும் கதைத்தது இந்தக் கதைதான். ரியூப் ஒட்டக் கொடுத்தவர்கள் ஒட்டாமலே உருட்டிக்கொண்டு போனார்கள். நான் சொன்னது இதுதான்: புள்ளி எடுக்கிறவன் இல்லாமல் தூக்கிக் கொடுத்து என்ன பயன்? அத்தோடு அப்புத்துரை தூக்கிக் கொடுக்கிற பந்து ஒரு சாண் தாழ வருகிறது, நெடுவலான ஒருவனுக்கு அது காணாது. மயில்வாகனம் நிதானமாகப் பேசுகிற மனிதர். சங்கக்கடை மனேச்சர் அல்லவா, நிறுத்துக் கொடுக்கிற மாதிரித்தான் கதைப்பார்.

"அடிக்கிறவனை எங்கையும் பிடிக்கலாம் அண்ணை," என்றார். "தூக்கிக் குடுக்கிறவன் பிறந்துதான் வரோணும்."

எல்லோரும் அவர் பக்கம் சாய்ந்தார்கள். பொங்கலுக்கு மறுநாள் என் கடையிலேயே கையுயர்த்திப் பார்த்தார்கள். பக்கீருக்கு என் கை மட்டுந்தான் எழும்பியது. அப்படியென்றால் பக்கீர் பரந்தன்காரருக்குப் போவான். அவனும் அவர்களோடு சேர்ந்து நின்று எங்களுக்கு விரலை ஆட்டுவான் என்று நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குப் பின்னேரம் சங்கக்கடைக்குப் போய் மயில்வாகனத்திடம் தனியாகக் கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன். அரிசி நிறுக்க நின்ற சனத்துக்கு முன்னால் அவர் என் தோளில் தட்டிச் சிரித்தார்.

"உங்களுக்குக் காத்தடிக்கத்தான் தெரியும் அண்ணை. விளையாட்டை எங்களிட்டை விடுங்கோ."

நின்ற சனமும் சிரித்தது. நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

கேட்கிற ஞாயிறுக்கு முதல் வெள்ளிக்கிழமை ஆமி சுற்றிவளைத்தது. விடியற்காலையில் முதலில் பிடித்தது என்னைத்தான். இயக்கப் பொடியளும் சைக்கிளுக்குக் காற்றடிக்க என் கடைக்குத்தானே வருவார்கள். கடைக்குப் பின்னால் கொண்டுபோய் அடித்தார்கள். அந்த அடியைப் பற்றிச் சொல்லி உங்களிடம் இரக்கம் வாங்க நான் விரும்பவில்லை. பிறகு ஒரு உரச்சாக்கில் கண்ணுக்கு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்து ஜீப்பில் இருத்தினார்கள். யூரியா மணம் மூக்கைக் கடித்தது, கண்ணால் தண்ணீர் வழிந்தது. மொழிபெயர்க்க வந்தவன், இயக்கத்து ஆட்கள் வந்தால் தலையை ஆட்டு என்றான். ஒருவனையாவது காட்டாவிட்டால் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போவோம், உன்னையும் சேர்த்து என்றான். எங்கள் ஊரில் இதற்கும் பெயர் இருக்கிறது, தலையாட்டி என்பார்கள். அந்தப் பெயர் எனக்கு வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

நீங்கள் கைகளைப் பற்றிக் கேட்டீர்கள். முகத்தை மூடினார்கள், கைகளை மூடவில்லை. முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தேன். சங்கிலி எண்ணெய்க் கறுப்பு நகத்துக்குள் ஏறினால் சவர்க்காரத்துக்கும் போகாது. மயில்வாகனம் கண்டு உங்களிடம் சொல்லியிருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அவர் அன்று ஒன்றும் சொல்லாமல் கடந்து போனார். அவரும் பயந்துதான் இருப்பார், நான் குறை சொல்லவில்லை.

பள்ளிக்கூட மைதானத்தில்தான் வரிசை. இளந்தாரிகளையும் மற்ற ஆம்பிளைகளையும் ஒவ்வொருவராக ஜீப்புக்கு முன்னால் நிறுத்தி நிறுத்தி அனுப்பினார்கள். கோடு போட்ட அதே இடம், வலைக் கம்பு நட்ட அதே குழி. வரப்போகிற ஞாயிறு அவர்கள் நிற்கவேண்டிய மாதிரியே அன்றைக்கும் நின்றார்கள். நான் எப்போதும் பார்க்கிற மாதிரித்தான் பார்த்தேன். இவன் பாய்வான், இவனுக்குத் தோள் பலம் போதாது, இவன் புள்ளி போனால் மனம் விட்டுவிடுவான் என்று. வேறு விதமாகப் பார்க்க எனக்குத் தெரியாது. வரிசையில் இயக்கத்து ஆள் ஒருவரும் இல்லை. அவர்கள் இரவோடிரவாகக் காட்டுக்குள் போயிருப்பார்கள்.

பக்கீர் வந்து நின்றான். தகப்பன் ஒரு முழக்கைச் சட்டை போட்டுவிட்டிருந்தார், அதன் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. நான் கழுத்தை இறுக்கிக்கொண்டு அசையாமல் இருந்தேன். அவனை அனுப்பினார்கள். எனக்கு அப்போது வந்த ஆறுதலை எப்படிச் சொல்ல? என் பிள்ளையே தப்பிப் போன மாதிரி இருந்தது.

பின்னால் அப்புத்துரை வந்தான். தலையை ஆட்டினேன்.

அவனுக்கு இயக்கத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை, மாஸ்டர். அவனுக்குப் பந்து, தாய், இரண்டு ஆடு. ஆனால் ஒருவனைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால் யாரைக் கொடுப்பது? கண்ணை மூடிக்கொண்டு யாரோ ஒருவனைக் காட்டுவதைவிட, யோசித்து ஒருவனைக் காட்டுவது நியாயம் என்று எனக்குப் பட்டது. அவன் இல்லாவிட்டால் கழகம் பக்கீரைக் கேட்கும், பக்கீர் வந்தால் வெல்வோம். ஊர் முழுவதும் தப்பும், கழகமும் தப்பும். சாக்குக்குள் இருந்து எண்ணிப் பார்த்தபோது அதில் பிழை ஒன்றும் தெரியவில்லை.

ஞாயிறு மைதானத்துக்கு ஒருவரும் வரவில்லை. நான் மட்டும் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டு போய் நின்றேன். கச்சு முகம்மது சனிக்கிழமையே குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் உறவினரிடம் போய்விட்டாராம். பக்கீர் இனி வரமாட்டான். பங்குனியில் போட்டியும் நடக்கவில்லை. உங்களுக்கு இது சின்ன விசயம். எனக்கு அன்றைக்குத்தான் அழுகை வந்தது.

பேச்சியம்மா என் கடைக்கு வரத் தொடங்கினா. சந்தியில் இருக்கிறபடியால் நாலு பேரின் கதை என் காதில் விழும் என்று நம்பினா. "தம்பி, ஏதும் சேதி வந்திச்சா?" என்று கேட்பா. தோட்டத்துப் பேச்சு அவாவை இன்னும் விட்டுப் போகவில்லை. வரவில்லை அக்கா என்பேன். அவாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு முகாம் வாசலுக்கும் போனேன், ஒரு தடவையல்ல. அப்படி ஒருவன் இங்கே இல்லை என்பார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவா என் முதுகுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவா. என்னைப்போல அவாவுக்கு உதவி செய்தவர் ஊரில் யாரும் இல்லை. அதை நீங்கள் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரு விசயத்தைத் திருத்திச் சொல்ல வேண்டும். ஒருவனையாவது காட்டாவிட்டால் எல்லாரையும் ஏற்றுவோம் என்றார்கள் என்று சொன்னேன். சொன்னது உண்மை, ஆனால் அது காலையில் சொன்னது. மத்தியானம் வரிசை முடியப் போகும்போது அதிகாரி களைத்துப்போனார். மொழிபெயர்க்கிறவன் ஜீப்புக்குள் குனிந்து மெதுவாகச் சொன்னான்.

"இங்கை ஒருத்தரும் இல்லையெண்டு ஐயா நம்புறார். கொஞ்சப் பேர்தான் மிச்சம். முடிய நீ வீட்டை போகலாம்."

அந்த மிச்சத்தில்தான் அப்புத்துரை நின்றான்.

நான் தலையை ஆட்டியதும் இரண்டு பேர் அவன் கையைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. ஜீப்பைப் பார்த்தான், சாக்கைப் பார்த்தான், பிறகு என் கைகளைப் பார்த்தான். அங்கே பார்வை நின்றது. இப்போது என் பெயரைச் சொல்லிக் கத்தப் போகிறான் என்று நினைத்தேன். அவன் சொல்லவில்லை. நான் ஆளை மாறிக் காட்டிவிட்டேன் என்று நினைத்தான் போலும். கோபமே இல்லாமல், கடையில் வந்து பந்து கேட்கிற அதே குரலில் சொன்னான்.

"அண்ணை, வடிவாப் பாருங்கோ. நான் அப்புத்துரை."

அதிகாரிக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏதோ கேட்டார். மொழிபெயர்க்கிறவன் திரும்பவும் குனிந்தான். ஆள் இவன்தானா, பிழையென்றால் ஆட்டாமல் இரு, விட்டுவிடுவோம் என்றான். அடிப்போம் என்று சொல்லவில்லை. எல்லாரையும் ஏற்றுவோம் என்றும் சொல்லவில்லை. வெயிலில் எல்லோரும் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். சற்றுத் தள்ளி, அனுப்பப்பட்டவர்களோடு மயில்வாகனமும் நின்றார்.

அவன் சொன்னபடி வடிவாகப் பார்த்தேன், மாஸ்டர். இரண்டாம் தரமும் தலையை ஆட்டினேன்.

கழகத்துக்காகத்தான் செய்தேன். அவன் தூக்கிக் கொடுக்கிற பந்து ஒரு சாண் தாழத்தான் வரும். அதை நான் முதல் நாளே சொன்னேன்.