தம்பி நடித்த படம்

விளாத்திகுளத்திலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வரை கரிசல் மண் அப்பியிருந்தது. அவர்தான் சொன்னார்:

"பேய்ப் படம் பாத்து எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு, மச்சான்."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். காதுக்கு அந்தக் குறை கிடையாது.

"சிரிப்புப் படம் எப்படி, மாப்ளே?"

"அதுக்குத்தான் அழுகை வந்துச்சு."

"சண்டைப் படம்?"

"நாப்பது பேரை அடிக்கான், வேட்டி கசங்கல. இங்கன வந்து ஒரு நாள் உளுந்து பிடுங்கச் சொல்லு."

"சரி, ஒந்தம்பி நடிச்ச படம்?"



"நடிச்சானா? டீக்கடையில ஒரு டீ குடிக்கான். அம்புட்டுத்தான்."

"ஊரே கைதட்டுச்சாமே?"

"படமே பாக்காத பய, மச்சான் அவன். நான் வாரம் ஒண்ணு பாக்குதேன். நம்ம ஊர்ல ஷூட்டிங்னதும் சவரம் பண்ணி, பவுடர் போட்டு, மொத ஆளாப் போய் நின்னேன். அவன் பருத்திக் காட்டுல இருந்து மண்ணுக் காலோட வந்தான். டைரக்டர் அவனைக் கூப்பிட்டுட்டாரு."

"இப்ப எங்க போற?"

"அந்தப் படத்துக்குத்தான். அஞ்சாவது தடவை."

"எதுக்குலே?"

"அவன் டீ குடிக்கதுல ஒரு தப்பாவது இருக்கும்லா?"

"அது சரி, காலைக் கழுவிட்டு வந்திருக்கலாம்லா?"

"கழுவ மாட்டேன், மச்சான். கயத்தாறுப் பக்கம் இன்னொரு ஷூட்டிங் நடக்குதாம். படம் விட்டதும் நேரா அங்கனதான் போறேன்."

பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தவர், ஞாபகம் வந்து திரும்பப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.