மீசையின் படகுக்குப் புதுத் தளம்

மதியம் இரண்டு மணி. ஏரிக்குப் போகும் சாலையில் ஈ காக்கை இல்லை... ஆமாம், பட்டப்பகல்தான். பேய் என்ன நைட் ஷிஃப்ட் மட்டுமா பார்க்கிறது? சிரிக்காமல் கிட்ட வந்து உட்காருங்கள். என் நண்பனுடைய சித்திக்கு நடந்தது இது.

சித்திக்கு பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை. ஏரியில் மீன் பிடிக்கும் பர்மிட்டுக்கு ஆறு வருஷம் காத்திருந்தாள். ஒருவழியாகக் கிடைத்தது. ஆனால் திங்கட்கிழமை காலை அதிகாரி வந்து படகைச் சோதிப்பார். தளம் ஆடினால் பர்மிட் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

அவள் வாங்கியிருந்தது ஒரு பழைய அலுமினியப் படகு. முன்பு அது மீசை என்று எல்லோரும் கூப்பிட்ட, வாயில் எப்போதும் சுருட்டோடு திரிந்த ஒருவருடையது. இரண்டு வருஷத்துக்கு முன் மீன் பிடிக்கப் போனார்... படகு மட்டும் கரைக்கு வந்தது. மீசை இன்றுவரை வரவில்லை. ஊரில் வேறு படகே கிடைக்கவில்லையா என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். சித்தி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஏரிக்கரை ஷெட்டில் தனியாக மரத்தளத்தைப் பெயர்த்தாள். ஊறிப்போன பலகையின் ஓரம் ரொட்டி மாதிரி பிய்ந்து வந்தது. அடியில் நாலு விரல் இடைவெளி. அதில் மிதப்புக்கு வைத்த தெர்மோகோல், கறுத்த சேறு. கூடவே ஒரு வாசனை... சுருட்டு. யாரோ இப்போதுதான் பற்றவைத்த மாதிரி. திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் இல்லை.

பழைய பலகையைப் புது ப்ளைவுட் மேல் வைத்து, பென்சிலால் கோடு போட்டு அறுத்தாள். ஓரமெல்லாம் வார்னிஷ் பூசினாள். காய்ந்ததும் நாற்பது ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், நாற்பதும் பலகை மேல் கிடக்கின்றன. சிதறி அல்ல... வரிசையாக.

ஞாயிறு காலை மறுபடி முடுக்கினாள். கடைசி ஸ்க்ரூ இறங்கும்போது அடியிலிருந்து... டொக்... டொக்... டொக்.

நானாக இருந்தால் போட்டது போட்டபடி ஓடியிருப்பேன். சித்திக்குப் பயத்தைவிட ஆத்திரம் அதிகம். பலகை மேல் ஏறி நின்றாள்.

"அண்ணா, நீங்க போனதுக்கு நான் காரணம் இல்ல. இந்தப் பர்மிட்டுக்கு ஆறு வருஷம் நாயா அலைஞ்சிருக்கேன். இறங்குறதுன்னா இறங்குங்க. இல்லன்னா பேசாம கிடங்க. படகு என்னோடது."

தட்டுவது நின்றது.

ஸ்க்ரூவைக் கழற்றலாம். ரிவிட் ஆணி அப்படியில்லை, ட்ரில் போட்டு உடைத்தால்தான் வரும். பட்டறையிலிருந்து ரிவிட் கன்னைக் கொண்டுவந்து, ஸ்க்ரூ இருந்த நாற்பது இடத்திலும் ரிவிட் அடித்தாள். இருட்டுவதற்குள் முடித்து, ஷெட்டைப் பூட்டி, ரிவிட் கன்னையும் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

திங்கள் காலை ஏழு மணி. அலுமினியத்தைத் தொட்டால் விரல் விறைக்கிற குளிர். அதிகாரி தளத்தில் ஏறிக் குதித்துப் பார்த்தார். அசையவில்லை. பிறகு குனிந்து, ஒவ்வொரு ரிவிட்டாகத் தடவிக்கொண்டே வந்தவர் இருக்கைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

அங்கே நாற்பத்தொன்றாவது ரிவிட் ஒன்று இருந்தது.

ரிவிட்டுக்கு ஒரு பக்கம் வட்டத் தலை, மறுபக்கம் பிதுங்கிய வால். அடிக்கிற ஆள் எந்தப் பக்கம் இருக்கிறாரோ, தலையும் அந்தப் பக்கம்தான் உட்காரும். சித்தி அடித்த நாற்பதுக்கும் தலை மேலே. இதற்கு மட்டும்... வால் மேலே.

அதிகாரி அதைத் தொட்டவர், விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இப்பத்தான் அடிச்சீங்களா? சுடுதே."

சித்தி நகரவில்லை. செருப்புக் காலை அந்த ரிவிட் மேலேயே அழுத்தி ஊன்றினாள்.

"சுடுறது இருக்கட்டும் சார். இறுகியிருக்கா, இல்லையா?"

"இருக்கறதுலயே இதுதான் நல்லா இறுகியிருக்கு."

"அப்ப கையெழுத்தைப் போடுங்க."