உப்பு நீங்கிய மண்

தேங்காய் நாரிலிருந்து வரும் கோகோபீட்டை வாங்கியவுடன் அப்படியே தொட்டியில் போட்டுவிடக் கூடாது, எழிலரசி மேடம். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரை மாற்றி மறுபடியும் ஊறவைக்க வேண்டும். நான் நாக்கில் வைத்துப் பார்ப்பேன். லேசாகக் கரித்தாலும் இன்னொரு முறை அலசுவேன்.

நான் வளர்க்கிற அழுகண்ணிச் செடிக்கு அப்படிப்பட்ட மண்தான் வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் செடி அது. இலை முழுக்கச் சிவந்த முடி, ஒவ்வொரு முடியின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. கொசு உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும். செடி மெல்ல அதைத் தின்றுவிடும். பண்ருட்டிப் பக்கம் செம்மண் தரையில் மழைக்குப் பிறகு தானாகவே முளைக்கும். நான் மாடியில் தொட்டிகளில் வளர்த்து ஆன்லைனில் விற்கிறேன். மண்ணில் என்னென்ன போட வேண்டும் என்றுதான் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பார்கள். என்ன போடக் கூடாது என்று நான் சொல்வேன். எரு கூடாது. மண்புழு உரம் கூடாது. எங்கள் பரங்கிப்பேட்டை மணல் கூடவே கூடாது, கடலுப்பு ஏறியது. அலசிய கோகோபீட்டும், பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல்லும் பாதிக்குப் பாதி, ஊற்றுவதற்கு மழைத்தண்ணீர், அவ்வளவுதான். சத்துள்ள மண்ணில் வைத்தால் வேர் கருகிவிடும். ஒன்றுமில்லாத மண்ணில் இருந்தால்தான் அது எதையாவது பிடித்துக்கொள்ளப் பார்க்கும்.

என் மகன் அஃப்சலுக்கு என்ன கலந்து கொடுத்தேன் என்று காலையிலிருந்து இந்த ஸ்டேஷனில் உட்காரவைத்துக் கேட்கிறீர்கள். நான் எதையும் கலக்கவில்லை.

என் வீட்டுக்காரர் முஹம்மது யூசுப் சவூதியில், தம்மாமில் வேலை பார்த்தார். ஒரு வெயில் காலத்தில் வேலைத்தளத்திலேயே விழுந்தார். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். கபரின் படம் ஒன்று போனில் வந்தது. பெற்ற பிள்ளை ஒரு பிடி மண் போடக்கூட வழியில்லை. அதே ஊருக்கு அஃப்சலும் கிளம்பியபோது காலைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். தங்கச்சி படிக்க வேண்டாமா என்று கேட்டான், போய்விட்டான். அதிலிருந்து போன் அடித்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும், அடிக்காவிட்டாலும் அடைக்கும்.

இந்த முறை லீவில் வந்தவனுக்கு வாந்தியும் பேதியும். டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். உப்பு சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுங்கள், கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுங்கள், சீக்கிரம் எழுந்துவிடுவார் என்றார். எழுந்தால் விமானம் ஏறிவிடுவான். லீவு முடிவதற்குள் திரும்பாவிட்டால் விசா ரத்தாகிவிடும் என்று அவனே சொல்லியிருந்தான். எனக்கு அந்தத் தேதி தாண்டினால் போதும்.

பொடிப் பொட்டலங்களைப் பெர்லைட் மூட்டைக்கு அடியில் வைத்தேன். கஞ்சியில் உப்பை நிறுத்தினேன். தாகம் என்றபோதெல்லாம் செடிகளுக்குப் பிடித்துவைத்த மழைத்தண்ணீரைக் கொடுத்தேன். பக்கத்து வீட்டு ஷரீபா வந்து பார்த்துவிட்டு, இப்படிப் பத்தியம் காக்க யாரால் முடியும் என்று மெச்சினாள். நோயாளிக்கு உப்பை நிறுத்தினால் நம் பக்கத்தில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அவனும் கேட்கவில்லை. ஒருநாள் மட்டும், "உம்மா, வாய்க்கு ஒண்ணுமே தெரியல. ஒரு கல்லு உப்பு போட்டுத் தாங்க" என்றான்.

"பத்தியம்ப்பா. இன்னும் கொஞ்ச நாளு" என்றேன். சரி என்று குடித்துவிட்டான். வந்த நாளிலிருந்து போனையே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தான். பொய் சொல்ல மாட்டேன், அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

தேதி தாண்டியது. அன்றைக்கு உப்புப் போட்டிருப்பேன், அல்லாஹ் மேல் ஆணை. டப்பாவைத் திறந்துகூட வைத்தேன். அப்போதுதான் அவன் போனைக் காட்டினான். கம்பெனி முதலாளி நல்ல மனுஷர். உடம்பு தேறி வரட்டும் என்று லீவை நீட்டித்துக் கொடுத்திருந்தார். டப்பாவை மூடிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவன் பேச்சு குழறியது. வாப்பா வாசலில் நிற்கிறார், கதவைத் திறங்க என்றான். எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள், மேடம். ஆனால் புரிந்தது. அவன் உடம்பு உப்பைக் கேட்கிறது என்று தெரியும். கொடுத்தால் போய்விடுவான் என்றும் தெரியும். தம்ளரில் மழைத்தண்ணீரை ஊற்றித்தான் கொடுத்தேன்.

வலிப்பு வந்ததும் சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் உப்பு அடியோடு இறங்கிவிட்டது என்றார்கள். அவர்களால் காப்பாற்ற முடியவில்லை. சென்னை ஹாஸ்டலிலிருந்து ஓடிவந்த என் மகள் அர்ஃபா, வீட்டில் மீந்திருந்த கஞ்சியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். என்னைப் போலவே பார்க்கிறாளே என்று நினைத்தேன். பிறகு மாடிக்குப் போய் மூட்டையை நகர்த்தினாள். அவள்தான் உங்களிடம் வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது.

அஃப்சலை எங்கள் தெருப் பள்ளிவாசல் மையவாடியில் அடக்கியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். செடிகளுக்கு நடுவில் நின்றால் தெரியும். ஊரே வந்து மண் போட்டது. அவன் வாப்பாவுக்கு அது கிடைக்கவில்லை. இப்போதெல்லாம் போன் அடித்தால் எனக்கு நெஞ்சு அடைப்பதில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அண்ணன் இடத்தில் நான் சம்பாதிக்கிறேன் என்று அர்ஃபா துபாய்க்கு வேலை தேடுகிறாளாம். ஷரீபாதான் சொன்னாள். அழுது அழுது பிள்ளை துரும்பாக இளைத்துவிட்டதாம். என்னை வெளியே விட்டதும், போவதற்கு முன்னால் கொஞ்ச நாள் என்னோடு வந்து இருக்கச் சொல்லுங்கள். நானே கஞ்சி வைத்துக் கொடுக்கிறேன்.